அளவுக் கட்டைக்குக் கீழே நின்றவர்கள்

மில்லில் என்னோடு வேலை பார்த்து இன்னும் ஓய்வு பெறாத சிலர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதாம். வேலையில் இருந்துகொண்டே வருஷத்தில் சில வாரம் பட்டாளப் பயிற்சிக்குப் போய் வரலாம், விருப்பமுள்ளவர்கள் மனுப் போடலாம் என்று. நான் அந்தக் காலத்தில் அதில் இருந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போடலாமா வேண்டாமா என்று கேட்டார்கள்.

இருந்தவன் என்று சொல்ல முடியாது. நான் மனுப் போட்டேன், தள்ளிவிட்டார்கள். தள்ளிய இடத்திலேயே வேலைக்கும் வைத்துக்கொண்டார்கள். இதைச் சொன்னதும் அவர்கள் சிரித்தார்கள். காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதிலிருந்து எனக்கு வயிறு கலங்க ஆரம்பித்துவிட்டது. என் வயிறு அப்படித்தான். பழையது ஒன்றை யாராவது கிளப்பினால் அது இப்போது நடப்பது போலக் கலங்கும். எழுதி வைத்தால் அடங்குமோ என்று எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பதுகளின் நடுவில், பெரிய சண்டைக்குச் சில வருஷம் முன்பு, நான் மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்கு மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் காரமடைக்குப் பக்கம். அப்பா ஒரு பண்ணாடியின் தோட்டத்தைக் குத்தகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பண்ணாடி என்றால் எங்கள் பக்கம் நிலத்துக்குச் சொந்தக்காரர். கிணற்றில் தண்ணீர் இறைக்க இன்னொரு ஆள் வேண்டும் என்றுதான் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். மழை இல்லாமல் கிணறு வற்றிய வருஷம் மண்டிக்கு அனுப்பினார்கள்.

அப்போது ஜனங்கள் 'ஒரு மாசப் பட்டாளம்' என்று ஒன்றைச் சொல்வார்கள். முழு நேரச் சிப்பாய் இல்லை. வருஷத்தில் ஒரு மாசம் முகாமுக்குப் போய்த் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பி வேலையைப் பார்க்கலாம். சண்டை வந்தால் மட்டும் கூப்பிடுவார்கள். அந்த 'வந்தால்' என்ற சொல்லை நினைத்து நான் பல நாள் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறேன். இருந்தாலும் மனுப் போட்டேன். ஏனென்றால் முகாம் முடித்த சீட்டு இருந்தால் கோயமுத்தூர் மில்களில் கேட் காவலுக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்று பேச்சு. எடுத்துவிடுவார்களோ என்று ஒரு பயம், எடுக்காமல் விட்டுவிடுவார்களோ என்று இன்னொரு பயம்.

உயரம் சரியாக இருந்தது. மார்பளவில் போயிற்று. மூச்சை இழுத்தால் மார்பு இத்தனை விரிய வேண்டும் என்று கணக்கு. டாக்டர் நாடாவைச் சுற்றி, இழு என்றார். நான் வரிசையில் நிற்கும்போதே பயத்தில் மூச்சை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் இழுக்க இடம் இல்லை. நாடா அசையவில்லை. டாக்டர் தலையை ஆட்டிவிட்டார்.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வரும்போது உயரம் பார்க்கும் அளவுக் கட்டையை நிறுத்தியிருந்த கயிறு ஒன்று தளர்ந்திருந்தது. எனக்கு அதைப் பார்த்துவிட்டுப் போக முடியவில்லை. முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டேன். இரண்டடி போய், திரும்பி வந்து, இழுத்தும் பார்த்தேன். பின்னால் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் அங்கே ஆள் எடுப்பை நடத்திய சுபேதார்.

"பயந்தவனா நீ?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"நல்லது தம்பி. பயந்தவன் ரெண்டு தரம் பார்ப்பான். அளக்கிற வேலைக்கு அதுதான் வேணும்."

அப்படித்தான் நான் அளவுக் கட்டை பிடிப்பவன் ஆனேன். வேலை பழகியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சந்தை கூடும் ஊர்களுக்கெல்லாம் போனோம். மேட்டுப்பாளையம், கோபிசெட்டிபாளையம், அந்தியூர் என்று. மரத்தடியில் கட்டையை நடுவோம், சுற்றிக் கயிறு கட்டுவோம், தண்டோரா போடுவோம், மனுப் போட வந்தவர்களை வரிசையில் விடுவோம்.

சுபேதாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடாற்காட்டுக்காரர். முதல் உலகச் சண்டைக்குப் போய் வந்தவர் என்று பேச்சு, அவராக அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. குரலை உயர்த்தவே மாட்டார். கத்துகிற மேலதிகாரியிடம் எனக்குப் பயம் குறைவு, எப்போது முடியும் என்று தெரியும். இவர் பக்கத்தில் வந்து, "இது என்ன தம்பி?" என்று மெதுவாகக் கேட்பார். எனக்கு அதுதான் பயம்.

கட்டை தேக்கு. ஆளுயரத்துக்கும் மேலே இருக்கும். அடியில் நிற்க ஒரு பலகை. மேலும் கீழும் நகரும் படுக்கைக் குச்சி ஒன்று, அதுதான் தலையில் வந்து உட்காரும். எடுப்பதற்கு வேண்டிய உயரத்தில் சிவப்புக் கோடு. தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுக் கட்டை நேராக நிற்கிறதா என்று பார்ப்பேன். வந்தவன் தலையில் கட்டிய உருமாலையை அவிழ்க்க வேண்டும். குடுமி வைத்திருந்தால் பிரித்துவிட வேண்டும், முடிச்சு உயரம் கூட்டிவிடும். குதிகால் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். குச்சியை இறக்கிவிட்டு நான் கையை எடுத்துவிட வேண்டும். அப்புறம்தான் சுபேதார் குனிந்து பார்ப்பார். குறைந்தால் இன்னும் இரண்டு தடவை. மூன்றாவதிலும் குறைந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு விஷயத்தில் அவர் கண்டிப்பு. எங்கள் வரிசையில் எல்லாச் சாதியும் நிற்கும். முன்னால் நின்றவன் யார் என்று பார்த்துவிட்டு, குச்சியைத் துடைத்துவிட்டு வையுங்கள் என்று சிலர் சொல்வார்கள். முதல் நாளே சுபேதார் என்னிடம் சொல்லிவிட்டார். "வேர்வை இருந்தா துடை. ஆளுக்காகத் துடைக்காதே." இதைச் செய்ய நான் எத்தனை பயந்தேன் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியாது. நான் அந்த ஊர்களுக்குத் திரும்பிப் போக வேண்டியவன்.

காரமடைச் சந்தையில் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. சொந்த ஊர்ப்பக்கம் என்பதால் காலையிலிருந்தே எனக்குச் சரியில்லை. வரிசையில் ரங்கனைப் பார்த்ததும் இன்னும் சரியில்லாமல் போயிற்று. ரங்கன் எங்கள் பண்ணாடியின் பண்ணையாள். அவன் அப்பாவும் அங்கேதான் பண்ணையாள். நல்ல உயரம், தென்னை மட்டை வெட்ட ஏணி வேண்டாம் என்று அவனைக் கேலி செய்வார்கள். கயிற்றுக்கு வெளியே அவன் மனைவி வேலாள் ஒரு துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மூட்டையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. இவர்கள் திரும்பிப் போகிற எண்ணத்தில் வரவில்லை.

"பண்ணாடிக்குத் தெரியுமா?" என்று ரங்கனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"தெரிஞ்சா உடுவாங்களா தம்பீங்க? எடுத்துப்போட்டாங்கன்னா இப்படியே ரயிலேறிப் போயிருவனுங்க. எடுக்கலீன்னா..." என்று நிறுத்திக்கொண்டான்.

எடுக்கவில்லை என்றால் என்ன என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முந்தின வருஷம் சொல்லாமல் திருப்பூருக்கு ஓடிய ஒருவனைப் பிடித்து வந்து களத்துப் புளியமரத்தில் கட்டினார்கள். அதற்குப் பிறகு அவன் வலது கையால் சோறு சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

ரங்கனுக்கு முன்னால் இன்னும் ஒரே ஆள். அப்போது சவாரி வண்டி ஒன்று வந்து நின்றது. பண்ணாடி இறங்கினார். சலவை வேட்டி, சரிகை உருமாலை, கையில் குடை. வரிசையில் பாதிப் பேர் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். என் துண்டும் எப்போது இடுப்புக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியாது.

அவர் சத்தம் போடவில்லை. எங்கள் ஊரில் பெரியவர்கள் கோபம் வந்தால் மரியாதையைக் கூட்டுவார்கள். சுபேதாரிடம் வந்து, "ஏனுங்க, நம்ம தோட்டத்து ஆளு ஒருத்தன் வழி தப்பி இந்தப் பக்கமா வந்துட்டானுங்க. தப்பா நினைக்காதீங்க. கூட்டிட்டுப் போயிர்றனுங்க" என்றார்.

சுபேதார் எழுந்து நின்று பதில் சொன்னார். "மனுப் போட்டவனை அளக்காம அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லீங்க. அளந்து குறைஞ்சா நீங்களே கூட்டிட்டுப் போங்க. நான் தடுக்கலை."

பண்ணாடி சிரித்தார். சரி, அளங்க, பார்க்கறேன் என்று சொல்லிக் கட்டைக்கு எதிரிலேயே குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

ரங்கன் பலகையில் ஏறினான். குடுமியைப் பிரித்துவிட்டேன். குதிகாலைப் பார்த்தேன், சேர்ந்துதான் இருந்தது. குச்சியை இறக்கினேன். அது சிவப்புக் கோட்டையும் தாண்டிக் கீழே போய் அவன் தலையில் உட்கார்ந்தது.

இரண்டு விரற்கடை குறைவு. மரத்தில் ஏணி இல்லாமல் மட்டை வெட்டுகிறவன். பிறகுதான் பார்த்தேன். முதுகு வளைந்திருந்தது. கழுத்து உள்ளே போயிருந்தது. முழங்கால் மடிந்திருந்தது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. பண்ணாடி எதிரில் நிற்கும்போது அந்த உடம்புக்கு வேறு மாதிரி நிற்கத் தெரியாது. நிமிரு என்று சொன்னேன். நிமிர்ந்துதானே நிற்கிறேன் என்பது போல என்னைப் பார்த்தான்.

சுபேதாருக்கும் விளங்கியிருக்க வேண்டும். அளக்கும்போது வெளியாட்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பதுதான் வழக்கம் என்று பண்ணாடியிடம் பணிவாகச் சொன்னார். பண்ணாடி மறுக்காமல் போய், ரங்கனின் கண்ணில் படாத இடத்தில் நின்றார். இரண்டாவது தடவை குச்சியை இறக்கினேன். இந்தத் தடவை முதுகு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வந்தது. கோட்டைத் தொடப் போகிற சமயத்தில் பின்னாலிருந்து ஒரு செருமல். தொண்டையைச் சரிசெய்துகொள்வது போல, சின்னதாக. ரங்கனின் முதுகு மறுபடி வளைந்துவிட்டது.

வெளியே உட்கார்ந்திருந்த வேலாள் தலையில் அடித்துக்கொண்டாள். "காட்டுக்குள்ள பனைமரமாட்ட நிக்கறதெல்லாம் எங்க போச்சுதோ" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

மிச்சம் ஒரு தடவை. அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் பண்ணாடி எதிரே வந்தால் பண்ணையாள் ஒதுங்கிக் குனிய வேண்டும். தலையில் பாரம் இருந்தால் மட்டும் வேண்டாம். குனிந்தால் பாரம் விழுந்துவிடும், பாரமும் பண்ணாடியுடையதுதானே. பருத்தி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகும் ரங்கன் பண்ணாடி முன்னால் நட்டமாக, நிமிர்ந்து நடந்து போவதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

குச்சியை அவன் தலையில் இறக்கினேன். கையை எடுக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் வைத்து, என் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினேன். அவன் காதருகில், "மூட்டைடா ரங்கா, பருத்தி மூட்டை" என்றேன். சத்தம் வெளியே வந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

அவன் உடம்பு அதைக் கேட்டுக்கொண்டது. முதலில் முழங்கால் பூட்டிக்கொண்டது. பிறகு இடுப்பு. பிறகு கழுத்து, ஒரு தூண் போல, என் கையைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. பின்னால் செருமல் கேட்டது. இன்னொரு தடவையும் கேட்டது. குச்சி கோட்டைத் தொட்டு, தாண்டி, மேலே போய் நின்றது. கையை எடுத்தேன். சுபேதார் குனிந்து பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"சரி. அடுத்து மார்பளவு" என்றார்.

பண்ணாடி கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "ஏனுங்க, இப்பத்தான குறைஞ்சுது, அதுக்குள்ள ஏறிப்போச்சு. அந்தத் தம்பி கையை வெச்சு என்னமோ பண்ணுச்சுங்களே."

"அழுத்தினா உயரம் குறையுமே தவிர ஏறாதுங்க" என்றார் சுபேதார்.

"அப்பக் கட்டை சரியில்லீங்க. மேல எழுதிப்போட்டா இன்னிக்கு எடுத்தது அத்தனையும் செல்லாமப் போயிருமில்லீங்க? நம்ம சிநேகிதரு தாலூகா கச்சேரியிலதான் இருக்கறாரு."

சுபேதார் கோபப்படவில்லை. கட்டையைச் சோதிப்பதற்கு வழி இருக்கிறது என்றார். வழி இருந்தது உண்மைதான். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே என்னை நிற்க வைத்து, என் உயரத்துக்குக் கட்டையில் கத்தியால் ஒரு கீறல் போட்டிருந்தார். ஊர் ஊராக வண்டியில் போகும் கட்டை, பலகை அசைந்திருக்கலாம், மண் இறங்கியிருக்கலாம். சந்தேகம் வந்தால் என்னை நிறுத்திப் பார்ப்பார். குச்சி கீறலில் உட்கார்ந்தால் கட்டை சரி. உட்காராவிட்டால் அன்றைய அளவு எல்லாம் தள்ளுபடி.

"ஏறி நில்லு தம்பி" என்றார். குச்சியை அவரே பிடித்துக்கொண்டார்.

பண்ணாடி எனக்கு எதிரில் வந்து நின்றார். "அட, இது நம்ம மாரப்பன் பையனாட்ட இருக்குதே" என்றார்.

"ஆமாங்க."

"நல்லா அளக்கறே கண்ணு. உங்கப்பன் சௌக்கியமா? இந்த வெள்ளாமை எப்படி?"

அப்பா, அம்மா, கிணறு, சோளக்காடு, எல்லாம் அந்தக் 'கண்ணு' என்ற ஒரு சொல்லுக்குள் இருந்தது. குச்சி என் தலையில் இறங்கியது. சுபேதார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"ஒரு விரற்கடை குறையுது" என்றார்.

ரங்கனைப் பார்த்து, எப்படி நிற்கத் தெரியாமல் போயிற்று என்று நினைத்தவன் நான். எனக்கும் முதுகு வளைந்திருந்தது, அது எனக்குத் தெரியவேயில்லை. பண்ணாடி குடையைக் கை மாற்றிக்கொண்டார். டாக்டர் பக்கத்தில் மார்பைக் காட்டிக்கொண்டு நின்ற ரங்கன் திரும்பிப் பார்த்தான். வேலாள் எழுந்து நின்று மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். எந்தப் பக்கம் போவதற்கு என்று அவளுக்கே தெரியாது.

"இன்னொரு தரம் பார்க்கலாம்" என்று சுபேதார் குச்சியை உயர்த்தினார்.

அடுத்து நடந்ததைத் தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு அப்போது இரண்டு பயம் இருந்தது. ஒன்று அப்பாவின் குத்தகை. இன்னொன்று, அந்த வண்டிக்கு முன்னால் ரங்கனை நடத்திக்கொண்டு போவதை இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது. இரண்டில் எது பெரிதோ அது என்னை இழுத்தது, அவ்வளவுதான். குதிகாலைப் பலகையில் அழுத்தினேன். முதுகை நிமிர்த்தினால் கழுத்து வளைந்தது, கழுத்தை நிமிர்த்தினால் முதுகு. கண் கீழே இருக்கிற வரைக்கும் தலை மேலே வராது என்று அப்போதுதான் விளங்கியது. கண்ணைத் தூக்கினேன். பண்ணாடியின் முகத்தைப் பார்த்தேன்.

வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. பழைய தழும்பு, என் வயதுக்கு முந்தினதாக இருக்கும். மூக்கில் லேசாக அம்மைத் தழும்பு. அந்த ஊரில் பிறந்து, அவர் தோட்டத்தில் வளர்ந்து, வாரம் தவறாமல் அவர் முன்னால் நின்றவன் நான். அவருக்கு இப்படி ஒரு முகம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவரும் என்னைப் பார்த்தார். அவர் கண்ணும் ஒரு தரம் இமைத்தது.

"கீறல்ல உட்கார்ந்தாச்சு" என்றார் சுபேதார். "நீங்களே வந்து பாருங்க."

பண்ணாடி வந்து பார்க்கவில்லை. "நீங்க சொன்னாச் சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறினார். நான் பலகையிலிருந்து இறங்கி மரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

ரங்கன் மார்பளவிலும் தேறி, அன்றைக்கே முகாமுக்கு ரயிலேறினான். வேலாள் மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள். முகாம் முடிந்து அவன் ஊர்ப்பக்கம் வரவில்லை. கோயமுத்தூரில் ஒரு மில் கேட்டில் காவலுக்குச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். சண்டை வந்தபோது அவனைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தான். பின்னாளில் நானும் ஒரு மில்லில் டைம் ஆபீசில் சேர்ந்து, அதிலிருந்துதான் ஓய்வு பெற்றேன்.

எங்கள் வீட்டுக்குச் சித்திரை மாசம் ஆள் வந்தது. இந்த வருஷம் தோட்டத்தை வேறொருவருக்கு விடுவதாகப் பண்ணாடி சொல்லியனுப்பியிருந்தார். காரணம் சொல்லவில்லை. நான் அன்றைக்கு ஊரில் இருந்தேன். அப்பா கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். மாடுகளை அவிழ்த்து நிழலில் கட்டியிருந்தார்.

"சந்தையில என்னமோ பண்ணிப்போட்டயாமா. என்னடா பண்ணினே?" என்றார்.

ரங்கன் கதை, கட்டை, கீறல், எதுவும் வாயில் வரவில்லை.

"அவிங்க முன்னால நிமுந்து நின்னுபோட்டனுங்கப்பா."

அப்பா கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை நேரம்டா நின்னே?"

"ஒரு மூச்சு விடற நேரம் இருக்குமுங்க."

அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். தண்ணீர் இறைக்கும் தோல் பறியும் வடக்கயிறும் எங்கள் சொந்தம், அதை விட்டுவிட்டுப் போக முடியாது என்றார். நான் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தேன், அவர் மறுமுனையைப் பிடித்து அவிழ்க்க ஆரம்பித்தார். என் கை நடுங்கிக்கொண்டிருந்ததால் கயிறும் அவர் கை வரைக்கும் நடுங்கியது. அவர் அதைப் பார்த்தும் பார்க்காதது போல முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.